வெளிநாட்டு இந்திய மையங்கள்ல ஹிந்திக்கு மட்டும்தான் இடமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளமா இருக்கு, சாரத்தை மட்டும் படிக்கிறேன். "வெளிநாட்டுல இந்தியப் பண்பாட்டு மையம்னு நடத்துறாங்களே, அங்க எதைப் பார்த்தாலும் ஹிந்தி வகுப்பு, வடக்கத்தி கதக் டான்ஸ், யோகான்னுதான் இருக்கு. இந்தியப் பண்பாடுன்னா அவ்வளவுதானா? நம்ம வரிப்பணத்துல வெளியூர்ல நடக்கிற ஹிந்தி திணிப்பு இல்லையா இது? என் பொண்ணு பரதநாட்டியத்துல எம்.ஏ. முடிச்சிருக்கா. அந்த மாதிரி மையத்துக்கு டீச்சரா போகணும்னு ஆசைப்படுறா. ஹிந்தி தெரியாம போக முடியுமா?"

கடைசியா கேட்டீங்க பாருங்க, அதுதான் உங்க உண்மையான கவலைன்னு எனக்குத் தோணுது. அதுக்கு வர்றேன். முன்னாடி அந்தத் திணிப்பு விஷயத்தைப் பேசிடுவோம்.

இந்த மையங்களை நடத்துறது ஐசிசிஆர். இந்தியப் பண்பாட்டு உறவுகள் கவுன்சில். 1950ல மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஆரம்பிச்சது. இப்போ இது வெளியுறவு அமைச்சகத்துக்குக் கீழ இருக்கு. பண்பாட்டு அமைச்சகம் வேற, அதோட குழப்பிக்காதீங்க. அப்போ மையத்தோட முதல் வேலை கலைச் சேவை இல்லைங்க, நாட்டுக்கு நல்ல பேர் வாங்கித் தர்றது. அந்த ஊர் தூதரகத்தை ஒட்டித்தான் அது நடக்கும். இன்னிக்கு உலகம் முழுக்க 30க்கும் மேல இருக்கு. லண்டன்ல நேரு சென்டர், பெர்லின்ல தாகூர் பேர்ல ஒண்ணு, உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட்ல லால் பகதூர் சாஸ்திரி பேர்ல ஒண்ணு. அவர் காலமானது அந்த ஊர்லதானே, 1966 ஜனவரியில.

ஆனா முதல் முதல்ல எங்க திறந்தாங்கன்னு பாருங்க. பாரீஸ்லயோ நியூயார்க்லயோ இல்ல. 1970கள் தொடக்கத்துல ஃபிஜி நாட்டு சுவாவுலயும், கயானா நாட்டு ஜார்ஜ்டவுன்லயும். ரெண்டுமே கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்களை ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏத்திக் கொண்டுபோன நாடு. அதனால இந்த மையங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே ரெண்டு வகை ஆளுங்க வர்றாங்க. ஒண்ணு, நாலஞ்சு தலைமுறைக்கு முன்னாடி இங்கேருந்து போனவங்களோட பேரப் பிள்ளைங்க. இன்னொண்ணு, இந்தியாவோட ரத்த சம்பந்தம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரங்க. ரெண்டு பேரும் ஒரே வகுப்புல உட்கார்ந்தாலும் வந்த காரணம் வேற வேற. இதைப் புரிஞ்சுக்காம திணிப்பா இல்லையான்னு பேசவே முடியாது.

ரெண்டாவது ரகத்தை முதல்ல எடுத்துக்குவோம். தாஷ்கண்ட், மாஸ்கோ பக்கம் ஹிந்தி கத்துக்க வர்றவங்களை யாரும் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வரல. சினிமா கூட்டிட்டு வந்துச்சு. 1950கள்ல ஹிந்தி நடிகர் ராஜ் கபூர் படங்கள் சோவியத் நாட்டுல ஓடின ஓட்டம் இருக்கே, அந்தப் படப் பாட்டை முணுமுணுக்கிற பாட்டிங்க இன்னும் இருக்காங்க. பேத்தி கதக் கத்துக்க வருவா, பாட்டுக்கு அர்த்தம் தெரியணும்னு பக்கத்து அறையில ஹிந்தி வகுப்புலயும் சேருவா. இதே வேலையைத் தமிழ் சினிமாவும் பண்ணியிருக்கு. 1998ல ரஜினி படம் ஜப்பான்ல சக்கைப்போடு போட்டப்போ, அவருக்காகவே தமிழ் கத்துக்கிட்ட ரசிகர்கள் உண்டு.

அந்த ஹிந்தி வகுப்பு எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? நம்ம பிள்ளைங்க படுற அதே பாடுதான். "க" ஒண்ணு, மூச்சை அழுத்தி விடுற "க" இன்னொண்ணு. ஆசிரியர் ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னாடி பிடிக்கச் சொல்வார். முதல் எழுத்துக்குக் காகிதம் அசையக் கூடாது, ரெண்டாவதுக்குப் படபடன்னு ஆடணும். அரை மணி நேரம் வகுப்பு முழுக்கக் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊதிக்கிட்டிருக்கும். அதைத் தாண்டினா மேசை பெண்பால், வீடு ஆண்பால். இதையெல்லாம் சகிச்சுக்கிட்டுக் கத்துக்கிறாங்கன்னா அது ஆசைதானே? சென்னையில மாக்ஸ் முல்லர் பவனுக்கு ஜெர்மன் கத்துக்க கூட்டம் போறது வேற கதை. கணவனோட போய்ச் சேர்றதுக்கு விசா வேணும்னா ஏ1ங்கிற ஆரம்பநிலைத் தேர்வு எழுதணும், நர்ஸ் வேலைக்கு அதுக்கும் மேல. ஹிந்தி வகுப்புக்கு அப்படி விசா ஆசை எதுவும் காட்ட முடியாது.

அதனால திணிப்புங்கிற சொல்லை இங்க நான் பயன்படுத்த மாட்டேன். ஆனா ஓரவஞ்சனை இருக்கான்னு கேட்டா, இருக்கு. ஹிந்தியைப் பரப்புறது மத்திய அரசோட கடமைன்னு அரசியலமைப்புச் சட்டத்துலயே 351வது பிரிவு சொல்லுது. அதுக்குக் கீழ ஒரு ஏணியே போட்டு வச்சிருக்காங்க. 1975 ஜனவரி 10ஆம் தேதி நாக்பூர்ல முதல் உலக ஹிந்தி மாநாடு நடத்தினாங்க, அந்த நாளையே 2006லேருந்து உலக ஹிந்தி தினமா கொண்டாடுறாங்க. மொரிஷியஸ்ல உலக ஹிந்திச் செயலகம் இருக்கு. ஆக்ராவுல மத்திய ஹிந்தி நிறுவனம் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை குடுத்துக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்குது. மையத்துல அரிச்சுவடி படிச்ச பொண்ணு ஆக்ராவுக்கு வந்து படிச்சுட்டு, ஊர் திரும்பி ஆசிரியராவோ மொழிபெயர்ப்பாளராவோ ஆகலாம். தமிழுக்கு அந்த ஏணி முழுசா இல்ல. போலந்துல வார்சா பல்கலைக்கழகத்துல ஐசிசிஆர் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்குன்னே ஒரு பேராசிரியர் பதவி, அது மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கு, அவ்வளவுதான். அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு நாம என்ன பண்ணினோம்? ஊர் ஊரா உண்டியல் குலுக்கி 60 லட்சம் டாலர் சேர்த்தோம், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் குடுத்துச்சு. பெருமைதான். ஆனா ஒரு மொழிக்கு அரசாங்கமே பண்றதை இன்னொரு மொழிக்கு மக்கள் கைக்காசுல பண்ண வேண்டியிருக்குன்னா, நீங்க கேட்கிற கேள்வியில நியாயம் இருக்கும்மா.

சமீபமா கொஞ்சம் மாறுது. யாழ்ப்பாணத்துல இந்திய உதவியில கட்டின மையத்துக்கு 2025 ஜனவரியில திருவள்ளுவர் பேர் வச்சாங்க. "யாழ்ப்பாணம்"ங்கிற பேர் எங்கேன்னு அங்க உள்ளவங்க கேட்கவும், சில நாள்லயே அதையும் சேர்த்துக்கிட்டாங்க. சிங்கப்பூர்ல ஒண்ணு வரும்னு 2024ல பிரதமர் சொல்லியிருக்கார். பேர்ப்பலகை மாறினதோட நிக்குதா, உள்ள தமிழ் வகுப்பு நடக்குதான்னு பார்க்கணும்.

இப்போ முதல் ரகத்துக்கு வருவோம், பேரப் பிள்ளைங்க. இங்கதான் எனக்கு உறுத்தல். ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879ல கல்கத்தாவுலேருந்து போச்சு. 1903லேருந்து மெட்ராஸ் துறைமுகத்துலேருந்தும் ஆளுங்களை ஏத்தினாங்க, தமிழும் தெலுங்கும் பேசினவங்க. தோட்டத்துல முன்னாடியே வந்தவங்க பேச்சு ஒரு மாதிரி ஹிந்தி. கங்காணி பேச்சும் அதுதான், கடைத்தெருவும் அதுதான். 1926ல நாடிங்கிற ஃபிஜி ஊர்ல தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் ஆரம்பிச்சு, பள்ளிக்கூடம் கட்டி, தமிழைக் காப்பாத்தப் பார்த்தாங்க. இன்னிக்குப் போனீங்கன்னா நாடியில முருகன் கோயில் கம்பீரமா நிக்குது, மாரியம்மனுக்குத் தீமிதி நடக்குது, தெருக்கூத்துகூட இருக்கு. ஆனா தீ மிதிச்சுட்டு வர்ற பையன் வீட்டுல பேசுறது பெரும்பாலும் ஃபிஜி ஹிந்தி. இதைப் பண்ணினது எந்த மையமும் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே தோட்டம் பண்ணிடுச்சு.

அந்த ஃபிஜி ஹிந்தியும் டெல்லி ஹிந்தி கிடையாது. போஜ்புரி, அவதின்னு வட இந்தியப் பேச்சுமொழிங்க எல்லாம் கலந்து அந்த மண்ணுல வளர்ந்தது. பள்ளிக்கூடத்துலயும் மேடையிலயும் மரியாதை புத்தக ஹிந்திக்குத்தான். வீட்டுல பாட்டி பேசுற பேச்சைப் பிள்ளை வகுப்புல பேசினா, "இது தப்பு, திருத்திப் பேசு"ன்னு ஆசிரியர் சொன்னா எப்படி இருக்கும்? ஹிந்தியை வளர்க்கிறேன்னு போய், நூத்து நாப்பது வருஷமா அங்க உயிரோட இருக்கிற ஒரு ஹிந்தியையே மட்டம் தட்டுறதா ஆயிடும். நம்ம ஆளுங்க மட்டும் என்ன, ஈழத்துப் பிள்ளை பேசுற தமிழையோ மலேசியப் பிள்ளை பேசுற தமிழையோ கேட்டுச் சிரிக்கிறவங்க இங்கயும் இருக்காங்களே.

தமிழ் விஷயத்துல மொரிஷியஸ் ஃபிஜிக்கு நேர் எதிர். அங்க ரூபாய் நோட்டுலயே தமிழ் இருக்கு. 1998ல புது நோட்டு அடிச்சப்போ தமிழுக்கு முன்னாடி ஹிந்தியைப் போட்டுட்டாங்க. தமிழ் வம்சாவளியினர் விடல. நோட்டைத் திரும்ப வாங்கிட்டாங்க. அவங்கள்ல நிறைய பேர் வீட்டுல பேசுறது பிரெஞ்சுலேருந்து வளர்ந்த கிரியோல் மொழி, ஆனாலும் விட்டுக்குடுக்கல. கேட்கிற ஆளு இருந்தா நடக்கும்.

மையத்துலயும் அதேதான். நீங்க அந்த நாட்டுல இருந்து, தமிழ் வகுப்பு வேணும்னா, முகநூல்ல திட்டிப் பிரயோஜனம் இல்ல. கத்துக்கத் தயாரா இருக்கிற இருபது பேரோட பேரைப் போட்டு, சொல்லித்தர உள்ளூர்லயே ஒரு ஆசிரியரையும் காட்டி, மைய இயக்குநருக்கு எழுத்துல குடுங்க. இந்தியாவுலேருந்து ஆசிரியர் வர்றது டெல்லி முடிவு பண்ற விஷயம். உள்ளூர் ஆசிரியரை வச்சு நடத்துற வழக்கமும் இருக்கு, அது சுலபம். இன்னொண்ணு, லண்டன்ல பாரதிய வித்யா பவன் மாதிரி அரசு சாராத இடங்களையும் பாருங்க. பரதம், கர்நாடக சங்கீதம்லாம் அங்க எத்தனையோ வருஷமா நடக்குது.

சரிம்மா, உங்க பொண்ணு விஷயம். ரெண்டு வழி இருக்கு, நிறைய பேர் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஐசிசிஆர் கலைஞர் பட்டியல்ல பேர் சேர்க்கிறது ஒண்ணு. அதுல தகுதிக்கேத்த மாதிரி தரம் பிரிப்பாங்க. அது மேடைக் கச்சேரிக்குக் குழுவா அனுப்புறதுக்கு. பட்டியல்ல பேர் வந்தாலே டிக்கெட் போட்டுடுவாங்கன்னு நினைச்சுடாதீங்க. இன்னொண்ணு, மையத்துக்கு ஆசிரியரா போறது. அது ஒப்பந்த வேலை, குறிப்பிட்ட காலத்துக்கு. அறிவிப்பு தனியா வரும், அதுல கேட்கிற தகுதி, வயசு, மொழி மூணையும் ஒவ்வொரு தடவையும் வரி விடாம படிக்கச் சொல்லுங்க.

ஹிந்தி தெரியாததைவிட ஆங்கிலத்துல பாடம் நடத்தத் தெரியாததுதான் அங்க பெரிய சிக்கலாகும். "அரைமண்டியில உட்காரு, முட்டி வெளியே பார்க்கட்டும், முதுகு வளையாம"ன்னு நாப்பது வயசுல முதல் தடவை கால் மடக்குற ஒரு அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைக்கணும். முட்டி வலிக்குதுன்னா எங்க நிறுத்தணும்னு தெரியணும். அபிநயத்துக்கு வந்தா இன்னும் வேலை. மயில் ஏன், வேல் ஏன், தோழிகிட்ட ஏன் இவ்வளவு கோபம்னு கேட்பாங்க. அங்க பதில் சொல்றப்போ உங்க பொண்ணு தமிழைத்தான் சொல்லிக்குடுத்துக்கிட்டிருப்பா, வகுப்புக்குப் பேர் என்னவா இருந்தாலும்.

தூதரக விழாவுல நாலு நிமிஷ நடனம், அப்புறம் சமோசா, அப்புறம் போட்டோ. இதால எந்தக் கலையும் வளரல. ரெண்டு வருஷம் ஒரே இடத்துல உட்கார்ந்து முதல் பாடமான தட்டடவுலேருந்து சொல்லிக்குடுத்தா வளரும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்சு இவங்க கிளம்பிடுவாங்க, அடுத்து வர்றவங்க கலாக்ஷேத்ரா பாணிக்குப் பதிலா வழுவூர் பாணியா இருப்பாங்க, இல்ல கதக்கா இருப்பாங்க. அலாரிப்பு, ஜதிஸ்வரம் வரைக்கும் வந்த பிள்ளைங்க மறுபடி முதல்லேருந்து காலைத் தட்டணும். உங்க பொண்ணு போனா, முதல் மாசத்துலேருந்தே உள்ளூர்ல நல்லா ஆடுற ரெண்டு பேரைத் தனியா தயார் பண்ணச் சொல்லுங்க. அவங்கள்ல ஒருத்தரை ஐசிசிஆர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வச்சு, சென்னைக்குப் படிக்க அனுப்பட்டும்.

கொஞ்சம் ஹிந்தியும் கத்துக்கட்டும், கெட்டுப்போயிட மாட்டா. தபேலாக்காரரும் யோகா ஆசிரியரும் வடக்கேருந்து வந்திருப்பாங்க, சாயங்காலம் டீ குடிக்கிறப்போ பேசணும்ல. அடுத்த கேள்வி, சேலத்துலேருந்து...