எங்கே இது வேலை செய்யாது?

நேயர்களுக்கு வணக்கம்.

முன்பெல்லாம் வானொலி அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பைத் தொடங்கும்போது அலைநீளத்தை மீட்டரில் சொல்வார்கள். பிறகு ஒரு ‘அதாவது’ போட்டு கிலோஹெர்ட்ஸில் சொல்வார்கள். சென்னை முதல் அலைவரிசை என்றால் 416.7 மீட்டர், அதாவது 720 கிலோஹெர்ட்ஸ். பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் ஒருநாள் இந்த இரண்டு எண்களையும் சும்மா பெருக்கிப் பார்த்தேன். மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸையும் 320.5 மீட்டரையும் பெருக்கினேன். அதுவும் கிட்டத்தட்ட மூன்று லட்சம். ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் என்று படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். அதே எண்ணை அறிவிப்பாளர் தினம் காலையில் இரண்டாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அதுவரை உறைக்கவில்லை.

மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல் நூல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது இதுதான் முதலில் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் இருப்பது ஒன்று, கண்ணெதிரே நடப்பது ஒன்று. இரண்டும் ஒன்றுதான் என்று புரிவதற்குள் சிலருக்கு நான்கு வருடப் படிப்பே முடிந்துவிடுகிறது.

‘சார், எந்தப் புத்தகம் வாங்கலாம்?’ என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகள் கேட்பார்கள். முப்பத்தைந்து வருடம் பதில் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் பட்டியல் கொடுத்தேன். அப்புறம் பட்டியலை நிறுத்திவிட்டு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தேன். கடையில் புத்தகத்தைப் பிரி. ஏதாவது ஒரு சர்க்யூட் இருக்கும் பக்கத்துக்குப் போ. அது எப்படி வேலை செய்கிறது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்கே வேலை செய்யாது என்று அந்தப் பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் வாங்கு.

இந்தச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாணவனின் மூன்று ஐசிகள், அதாவது ஒரு முழு சர்க்யூட்டையே உள்ளே அடக்கிய சின்னச் சில்லுகள்.

ஆப்-ஆம்ப் லேப். ஆப்-ஆம்ப் என்றால் சின்ன மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும் பெருக்கி. 741 என்ற ஐசி, 1968-இல் வந்தது, இன்றைக்கும் எல்லா லேபிலும் டப்பா டப்பாவாகக் கிடக்கும். 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் உள்ளே கொடுப்பது பத்து மடங்காக வெளியே வரும், தலைகீழாக. பையன் பிரெட்போர்டில் சரியாகத்தான் போட்டிருந்தான். வேண்டிய அலையை உண்டாக்கித் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் ஒரு வோல்ட் உச்சம் உள்ள சைன் அலை, 1 கிலோஹெர்ட்ஸ். அலையைப் படமாகக் காட்டும் சிஆர்ஓ திரையில் 10 வோல்ட் உச்சத்துக்கு அழகான சைன் அலை. அவனுக்கு ஆர்வம் அதிகம். குமிழைத் திருகி 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனான். வளைவு போய்விட்டது. திரையில் முக்கோணம். கோவில் கோபுரக் கோலம் போல வரிசையாக நேர்க்கோடு ஏறி, நேர்க்கோடு இறங்கியது. உயரமும் குறைந்து 6 வோல்ட் சொச்சத்தில் நின்றது.

‘சார், ஐசி போயிருச்சு சார்.’

மாற்றினான். அதே முக்கோணம். இன்னொன்று மாற்றினான். மூன்றாவதும் ‘போனபோது’ ஸ்டோர் கீப்பர் என்னிடம் வந்துவிட்டார்.

அவன் கையில் இருந்த பாடப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ‘இலட்சிய ஆப்-ஆம்ப்’ என்று தொடங்கி, பெருக்கம் முடிவிலி, பட்டையகலம் (எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைக் கையாளும் என்ற அளவு) முடிவிலி என்று அட்டவணை போட்டிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, பெருக்கமும் பட்டையகலமும் சேர்ந்த பெருக்கற்பலன் 741-க்கு ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் என்றும் இருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவனுடைய சர்க்யூட் 90 கிலோஹெர்ட்ஸ் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் பாவம், ஐசி மேல் சந்தேகப்பட்டிருக்கிறான். புத்தகத்தை நம்பியவன் வேறு யாரைச் சந்தேகப்படுவான்?

பதில் இருந்தது, ஐசி செய்யும் கம்பெனி அதன் அளவுகளையெல்லாம் எழுதித் தரும் டேட்டா ஷீட்டில். ‘ஸ்லூ ரேட்’ என்று ஒரு வரி: மைக்ரோ விநாடிக்கு 0.5 வோல்ட். அந்த ஐசியின் வெளியீடு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதற்கு மேல் வேகமாக ஏறாது, இறங்காது. 10 வோல்ட் உச்சமுள்ள 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, சுழியைக் கடக்கும் இடத்தில் மைக்ரோ விநாடிக்கு 1.25 வோல்ட் கேட்கிறது. இதால் கொடுக்க முடிவது அதில் பாதிகூட இல்லை. தன்னால் முடிந்த வேகத்தில் நேர்க்கோடாக ஏறுகிறது. உச்சிக்குப் போவதற்குள் உள்ளே வரும் அலை திரும்பிவிடுகிறது, இதுவும் திரும்புகிறது. கால் சுற்றுக்கு 12.5 மைக்ரோ விநாடி, அதை 0.5-ஆல் பெருக்கினால் 6.25 வோல்ட். திரையில் இருந்த முக்கோணத்தின் உயரம் அதேதான்.

அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷம் பாதி, கோபம் பாதி. ‘இதைப் புத்தகத்துலயே போட்டிருக்கலாமே சார்.’ போட்டிருந்தார்கள், நாலு அத்தியாயம் தள்ளி, இரண்டு மார்க் கேள்வியாக. ‘ஸ்லூ ரேட் வரையறு.’ அவன் அதை மனப்பாடமும் செய்திருந்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த நூல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹோரோவிட்ஸ், ஹில் இருவரும் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்’. முதல் பதிப்பு 1980, இரண்டாவது 1989, மூன்றாவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் இரண்டாம் பதிப்பில் அத்தியாய முடிவில் ‘மோசமான சர்க்யூட்டுகள்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் சரியாகத் தோன்றும், வேலைக்கு ஆகாத படங்கள். எது தப்பு என்று எழுதவில்லை, நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க வெள்ளிக்கிழமை கடைசி மணிநேரத்தில் வாரம் ஒரு மோசமான சர்க்யூட்டைப் பலகையில் வரைந்து, ‘என்ன தப்பு?’ என்று கேட்டுப் பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடத் தயாராகப் பையை மடியில் வைத்திருக்கும் கடைசி பெஞ்சு பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். முதல் பெஞ்சுக்குப் படம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அதிகம்.

டேட்டா ஷீட்டை ஒரு இலக்கியமாகவே சொல்வேன். இப்போது ஃபோனில் நொடியில் கிடைக்கிறது. அன்றைக்குக் கம்பெனிகள் செங்கல் கனத்துக்கு டேட்டா புக் அச்சடிக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி டிடிஎல் என்ற டிஜிட்டல் ஐசி வகைக்குப் போட்ட டேட்டா புக் ஒன்று கையில் இருந்தால் ஹாஸ்டலில் தனி மரியாதை. அதில் ‘தாங்கக்கூடிய உச்ச அளவுகள்’ என்று ஒரு அட்டவணை உண்டு. எவ்வளவு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் செத்துப்போகும், எவ்வளவு சூட்டுக்கு மேல் தாங்காது என்று விற்கிறவனே எழுதிக்கொடுப்பது. வேறு எந்த வியாபாரத்தில் இப்படி நடக்கிறது, சொல்லுங்கள்.

கைடு புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேராசிரியர்களுக்கு அவற்றைத் திட்டுவது ஒரு பழக்கம். நான் திட்ட மாட்டேன். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாகப் பொறியியல் சேர்ந்த பிள்ளைக்கு, அறுநூறு பக்க வெளிநாட்டுப் புத்தகத்தின் முதல் பத்தியிலேயே ஏழு புது வார்த்தை இருக்கும். அரியர் விழாமல் காப்பாற்றுவது அந்த மெல்லிய கைடுதான். குறை வேறு இடத்தில். ஒரு கைடில் BC547 டிரான்சிஸ்டருக்கும் 2N2222-க்கும் ஒரே கால் வரிசையைப் போட்டிருந்தார்கள். தட்டையான பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்தால் BC547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2N2222-இன் பிளாஸ்டிக் உடம்புள்ள PN2222 வகைக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் எதிர். அந்த ஒரு படத்தால் எத்தனை லேப் பீரியட் வீணாகியிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

சரி, ‘எங்கே வேலை செய்யாது’ என்ற கேள்வியை எவரையும்விடப் பெரிதாகக் கேட்டவர் கிளாட் ஷானன். பெல் ஆய்வகத்தில் இருந்தவர். 1948-இல் அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் ஜூலை, அக்டோபர் என்று இரண்டு பகுதியாக ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘தகவல் தொடர்புக்கான ஒரு கணிதக் கோட்பாடு’. அடுத்த வருடம் அது புத்தகமாக வந்தபோது தலைப்பிலிருந்து அந்த ‘ஒரு’ காணாமல் போயிருந்தது. கணிதக் கோட்பாடு என்றால் இதுதான், வேறில்லை என்ற தொனி. ஒரே வருடத்தில்! அடக்கம் போய்விட்டது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

என்ன சொன்னார்? ஒரு கம்பியோ காற்றோ, அதன் பட்டையகலமும் இரைச்சலும் தெரிந்தால், அதன் வழியே விநாடிக்கு எத்தனை பிட் பிழையில்லாமல் அனுப்ப முடியும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. எந்தப் புத்திசாலி எந்தக் கருவி செய்தாலும் அதைத் தாண்ட முடியாது. பழைய டெலிஃபோன் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையகலம் 3,100 ஹெர்ட்ஸ். குரல் இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு வலுவானது என்று வைத்துக்கொண்டால் விடை விநாடிக்குச் சுமார் 31,000 பிட். இன்டர்நெட் வந்த புதிதில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு இணையும் மோடம் ஞாபகம் இருக்கிறதா? 28.8 கிலோபிட், இரைச்சல் குறைந்த நல்ல கம்பியில் 33.6 கிலோபிட் என்று ஏறி அங்கேயே மூச்சுத் திணறியது. பின்னால் 56 வந்தது உண்மை. அதற்குக் காரணம், எக்ஸ்சேஞ்ச் பக்கத்து முனை டிஜிட்டலாக மாறி இரைச்சல் குறைந்தது. ஷானன் தோற்கவில்லை.

தமிழில் புத்தகம் வருமா என்று கேட்பார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டுமானவியலும் இயந்திரவியலும்தான் அதில் இருந்தன. நம் துறைக்கு இடமில்லை. கலைச்சொல் இல்லாததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில சொற்கள் ஒட்டாமல் போனது நிஜம். டிரான்சிஸ்டரைத் திரிதடையம் என்று எழுதிப் பார்த்தார்கள், ஊரில் யாரும் சீண்டவில்லை. அதற்கு முன்பே நம் ஜனங்கள் டிரான்சிஸ்டர் என்ற பெயரை வயல் வரப்பில் பாடும் சின்ன ரேடியோவுக்கே சூட்டியிருந்தார்கள். ஆனால் பண்பேற்றம் என்ற சொல்லைப் பாருங்கள். மாடுலேஷனுக்குப் பள்ளிப் புத்தகம் கொடுத்த பெயர். கேரியருக்கு ஊர்தி அலை. ஊர்தி மேல் சரக்கு ஏற்றுவது போல, அலை மேல் குரலின் பண்பை ஏற்றுகிறோம். விளக்கம் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஏன் ஏற்ற வேண்டும், குரலை அப்படியே அனுப்பினால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால்? அலைநீளத்தில் கால் பங்கு உயரமாவது இருந்தால்தான் ஆன்டெனா ஒழுங்காகக் கதிர்வீசும் என்று வைத்துக்கொள்வோம். என் குரலில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சுருதியை அப்படியே ரேடியோ அலையாக அனுப்பினால் அலைநீளம் 300 கிலோமீட்டர். கால் பங்கு 75. ஏறக்குறைய சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் நீளும் கோபுரத்தைச் செங்குத்தாக நிறுத்தியாக வேண்டும். 720 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியில் ஏற்றிவிட்டால் 104 மீட்டர் போதும். இதைத் தமிழில் எழுத எந்தக் கலைச்சொல் குறைகிறது?

கடைசியாக ஒரு சொந்த விஷயம். 1983-இல், மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருடம் முன்பு, அங்கே பழைய புத்தகக் கடையில் ஒரு சர்க்யூட் தியரி புத்தகம் வாங்கினேன். பிரிட்டிஷ் அரசின் உதவியில் மலிவு விலைக்கு வந்த ஈ.எல்.பி.எஸ். பதிப்பு. எனக்கு முன் வைத்திருந்தவர் ஒரு சமன்பாட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இங்கே 2 விட்டுப்போயிருக்கிறது. மூன்று நாள் போச்சு.’ அவர் யாரென்று தெரியாது. அதற்குக் கீழே நான் எழுதினேன்: ‘எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. நன்றி.’

1996 வாக்கில் அந்தப் புத்தகத்தை ஒரு மாணவர் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. அவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, புத்தகத்தை நீயே வைத்துக்கொள். அந்தப் பக்கத்தில் மூன்றாவதாக நீ ஏதாவது எழுதினாயா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

வணக்கம்.