லெப்டொப் பழுதானால் முதலில் வன்தட்டைக் காப்பாற்றுங்கள்

[திரையில்: மேசைமேல் திரை உடைந்த லெப்டொப் ஒன்று]

வணக்கம். இயங்காமல் நின்றுபோன லெப்டொப்பை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் கலியாணப் படங்களும் இருப்பது உள்ளேயுள்ள வன்தட்டில், அதாவது ஹாட் டிஸ்கில். திரையோ மதர்போர்டோ பழுதாகும்போது பெரும்பாலும் அந்த வன்தட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே, "ஃபோமட் செய்து விண்டோஸ் போட்டுத் தரவா?" என்று கடையில் கேட்டால், அது உள்ளே இருப்பதை அழித்துவிடும் என்பதால், பிரதி எடுக்கும் வரை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

திரை மட்டும் உடைந்திருந்தால் எச்டிஎம்ஐ வயர் ஒன்றால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, விண்டோஸ் விசையையும் 'பீ' விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். படம் தொலைக்காட்சியில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மின்சாரமே ஏறவில்லையென்றால், அந்த மாதிரிக்குப் பொருந்தும் வேறொரு சார்ஜரை முதலில் போட்டுப் பாருங்கள், ஏனெனில் பிற்பகல் இடிமழைக் காலத்தில் மின்னலுக்குப் பலியாவது பல வேளைகளில் சார்ஜர் மட்டுமே. தேநீர் கொட்டியிருந்தால் இயக்கிப் பார்க்கவே கூடாது. பழைய சுழலும் வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடுகிறது.

[திரையில்: இரண்டு வகை வன்தட்டுகள் அருகருகே]

லெப்டொப் எழும்பவே இல்லையென்றால், வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி மூலம் இணைக்கும் உறை ஒன்றில் போட்டுப் புதிய இயந்திரத்தில் செருகலாம். உறை வாங்கும் முன் உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 2.5 அங்குல சாட்டா வன்தட்டுக்கும், 22 மில்லிமீற்றர் அகலமுள்ள மெல்லிய எம்.2 எஸ்எஸ்டிக்கும் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) உறைகள் வேறு வேறு. எம்.2 வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என இரண்டு இணைப்பு முறைகள் உண்டு என்பதால், கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது. சில மெல்லிய லெப்டொப்புகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி உதவாது.

செருகியதும் 'பிட்லொக்கர்' என்ற பூட்டு எதிர்ப்பட்டால் பதற்றப்பட வேண்டாம். அண்மைக்கால விண்டோஸ் 11 இயந்திரங்கள் பலவற்றில், நாம் கேட்காமலே வன்தட்டு மறைகுறியாக்கப்படுகிறது, அதாவது சாவியின்றி வாசிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். லெப்டொப்பைக் கடையில் வைத்து அமைத்துத் தந்தவர் தம்முடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அந்தச் சாவி அவரிடமே இருக்கும் என்பதால், லெப்டொப் நன்றாக ஓடும்போதே இதைச் சரிபார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

பிரதி எடுக்கும்போது 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் உள்ளதை முழுமையாக எடுங்கள். சீ டிரைவுக்கு வெளியே டீ டிரைவிலும் கோப்புகள் இருக்கலாம். நூறு ஜிகாபைட் அளவு, யூஎஸ்பி 3 வழியாகச் சுழலும் வன்தட்டிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடங்களிலும், யூஎஸ்பி 2 வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் தொடருங்கள். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்து, ஆங்காங்கே சிலவற்றைத் திறந்தும் பாருங்கள்.

[திரையில்: ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும் வேர்ட் கோப்பு]

நம் ஆசிரியர்களை அதிகம் திகைக்க வைப்பது இதுதான். பழைய வினாத்தாளைத் திறந்தால் தமிழே இல்லை. 'தமிழ்' என்று தட்டெழுதிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெடவில்லை. அது, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் தரும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது, புதிய இயந்திரத்தில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவே. ஆகவே பழைய வன்தட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபொன்ட்ஸ்' கோப்புறையிலிருந்து பாமினியையும், நீங்கள் பயன்படுத்திய பிற பழைய எழுத்துருக்களையும் பிரதி எடுத்துப் புதியதில் நிறுவிவிடுங்கள். பாடசாலைகளில் புழங்கும் கோப்புகளில் இவை இன்னும் ஏராளமாக உள்ளன. எழுத்துருமாற்றி மென்பொருள் ஒன்றைக் கொண்டு, எல்லா இயந்திரங்களிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்குப் படிப்படியாகக் கொண்டுவருவது நல்லதென்றாலும், அதை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்.

மென்பொருள்களைக் கோப்புகளைப் போலப் பிரதி எடுக்க முடியாது. மீண்டும் நிறுவ வேண்டும். குரோமில் சேமித்த கடவுச்சொற்களும் கோப்புறையை இழுத்துப் போட்டால் வந்துவிடா, ஏனெனில் அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. கூகுள் கணக்கில் ஒத்திசைவு ('சிங்க்') போட்டிருந்தால்தான் வரும்.

புதியதற்குப் பதிலாகப் பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்குவதாயின், அது விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இயந்திரமா என்று கேளுங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் சரி. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

பழையதை விற்கவோ கொடுக்கவோ நினைத்தால், ஒரு தவணைக்காலமாவது புதியதில் வேலை செய்து எல்லாம் இருக்கிறதென்று தெரிந்தபின், வன்தட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள். பற்றரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். இலத்திரனியல் கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.