அவசரமும் அவசரமும்

(கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, பஞ்சாயத்து உறுப்பினர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, வேலந்தாவளத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனி நன்றி. போன வருஷமும் இதே பொன்னாடைதான் என்று நினைக்கிறேன். (சிரிப்பு)

குற்றம் செய்ததாகப் பிடிபடும் பிள்ளைகளுக்கான சிறார் நீதி பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கெடு, காவல், மறுவாழ்வு.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்பார் எங்கள் அம்மிச்சி. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, அவன் வழக்கை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பும் கூடாது, ஜெயிலும் கூடாது. அன்றிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். மிஞ்சினால் இன்னும் 2 மாதம். சிறு குற்றமென்றால் அதோடு வழக்கே போயிற்று. பெரிய குற்றங்களுக்குத்தான் மேல் நீட்டிப்பு, அதுவும் காரணம் எழுதி வைத்து.

இனி காவல். நம் பக்கத்துப் பையன், பதினாறு வயது. பக்கத்து வீட்டு மொபெட்டைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனான். எந்த ஊர்த் தேர் என்று சொன்னால் எந்தக் குழுமம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், விடுங்கள். வழியில் பெட்ரோல் தீர்ந்தது. தள்ளிக்கொண்டு வந்தவனிடம், பின்னால் வந்த போலீஸ்காரரே "பாவம், பஞ்சரா?" என்று கேட்டாராம்! (சிரிப்பு) குழுமத்தில் மலையாளத்தில் கேட்டார்கள்: "நினக்கு பறயான் ஒரு அவசரம் தராம், வேணோ?" அவர்கள் அவசரம் என்றால் வாய்ப்பு; பேச ஒரு வாய்ப்புத் தருகிறோம், வேண்டுமா என்று கேட்டார்கள். நம் பையன் கையைக் கட்டிக்கொண்டு, "அவசரமெல்லாம் வேண்டாமுங்க, மெதுவாவே ஆகட்டும்" என்றான். (பலத்த சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அங்கே, ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதோடு ஜாமீன் நிற்க ஆள் வர வேண்டும் என்று மலையாளத்தில் ஒரு தாள். மலையாளம் படிக்கத் தெரியாத பாட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். ஆள் வராததால் பையன், விசாரணைக் காலத்தில் பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் 22 நாள் இருந்தான். நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், திரும்ப நிறுத்தி நிபந்தனையை மாற்றித் தர வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. யார் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? ஆறின கஞ்சி!

மொழி புரியாத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் தருவது குழுமத்தின் பொறுப்பு. 8-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1956-ல் மாநில எல்லைக் கோடு போட்டபோது தமிழர்களான நாம் இந்தக் கேரளப் பக்கம் நின்றுவிட்டோம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசுக்குத் தமிழில் எழுத நமக்கு இடம் கொடுத்தது. அப்படியிருக்க, ஜாமீன் தாளோடு தமிழில் நாலு வரி கேட்டால் தப்பா? தமிழறிந்தவர்கள் பட்டியல் ஒன்று ஒவ்வொரு குழுமத்திலும் இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கேயே இருபது பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மறுவாழ்வு பற்றி... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வாசல் மேசையில் மனு இருக்கிறது, டீக்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள். பேனா ஒன்றுதான், யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.