கேட்டு வாங்கிய பாட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

‘பழைய பாட்டை வெட்டியெடுத்து ராப் பாட்டு செய்வது கலையா, களவா?’ கலை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “இவர்கள் ஊரார் வீட்டு மாவில் தோசை சுட்டுத் தன் பெயரில் கடை போடுகிறவர்கள்” என்றார். நீங்களும் கை வலிக்கத் தட்டினீர்கள்.

அண்ணே, அப்படி ஒரு கடைக்கே போவோம். 1998-இல் வந்த, அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸியின் ‘ஹார்ட் நாக் லைஃப்’ பாட்டு. மாவு யாருடையது? 1977-இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் அரங்கேறிய ‘ஆனி’ என்ற இசை நாடகத்துடையது. அனாதை இல்லத்துச் சிறுமிகள், தங்கள் பாடு இப்படி அடிபட்ட பாடாகிவிட்டதே என்று கூட்டமாகப் பாடுவார்கள். அந்தக் கோரஸை 45 கிங் என்ற தயாரிப்பாளர் வெட்டியெடுத்து, கீழே கனமான டிரம்ஸ் போட்டுச் சுற்றவிட்டார். ஜே-ஸி அதன்மேல் பாடினார்.

சரி, திருடினாரா? கதையே இங்கேதான் இருக்கிறது.

உரிமைக்காரர்கள் தயங்கினார்கள். இருக்காதா? நாடகமோ குடும்பத்தோடு பார்ப்பது. இவரோ போதைப்பொருள் விற்ற தெருவைப் பாடுகிறவர். ஜே-ஸி என்ன செய்தார்? உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். ‘ஐயா, நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் ஜெயித்தேன். பரிசாக உங்கள் நாடகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பிள்ளைகளின் கதை என் கதையாகவே இருந்தது’ என்கிற மாதிரி உருகி உருகி எழுதினார். நடுவர் அவர்களே, ஏழைப் பையன், கட்டுரைப் போட்டி, முதல் முறையாக பிராட்வே... கல்லும் கரையாதா? கரைந்தது. அனுமதி கிடைத்தது!

அப்புறம் பல வருடம் கழித்துத் தன் புத்தகத்தில் அவரே உடைத்தார். போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது, பிராட்வே அரங்கில் கால் வைக்கவும் இல்லை. டிவியில் பார்த்ததுதான்!

“பார்த்தீர்களா, பொய்!” என்று அண்ணன் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் அண்ணே. பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திருடன் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவான்? 1991-இல், கேட்காமல் பழைய பாட்டை எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் வழக்கில், ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடுதான் நியூயார்க் நீதிபதி தீர்ப்பையே ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கேட்காமல் எடுத்தால் கோர்ட்தான். ஜே-ஸி கேட்டார், காத்திருந்தார். பாட்டு வந்தபோது, எழுதியவர்கள் பட்டியலில் நாடகத்துக்கு இசையமைத்த சார்ல்ஸ் ஸ்ட்ரவுஸ் பெயரும் இருந்தது, பாடல் எழுதிய மார்ட்டின் சார்னின் பெயரும் இருந்தது. மாவுக்காரர் பெயரையும் பலகையில் எழுதிய கடை அண்ணே அது!

கடைசியாக ஒன்று. கடிதத்தில் போட்டி பொய், பரிசு பொய். ‘அது என் கதை’ என்றது மட்டும் பொய் இல்லை. புரூக்ளினில் மார்ஸி ஹவுஸஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். சிறு வயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். அம்மா குளோரியா கார்ட்டர்தான் தனியாக நின்று வளர்த்தார். பிராட்வே மேடையில் பிள்ளைகள் அனாதைகளாக நடித்தார்கள். மார்ஸியில் அந்தக் கோரஸோடு சேர்ந்து பாடிய பிள்ளைகளுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அவையில் அப்பா துணையில்லாமல் வளர்ந்தவர் இருப்பீர்கள். ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்த்த அம்மா இருப்பீர்கள். இன்று வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் பரவாயில்லை, அந்தச் சிறுமிகளின் குரல் வரும் இடம் போதும். நடுவர் அவர்களே, நீங்களும் கேளுங்கள். கேட்ட பிறகும் களவு என்று சொல்ல உங்களுக்கு மனம் வந்தால், தீர்ப்பை அண்ணனுக்கே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.