செயற்கைக்கோளே அளவு சரிபார்க்கும் தரை: பொலிவியாவின் உயரப் பாலைவனத்தில் மூன்று நாள் ஜீப் பயணம்

வணக்கம். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த ஒரு நிலம். அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மேடு பள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல, விண்வெளியில் சுற்றும் செயற்கைக்கோள் தன் அளவு சரியா என்று பார்க்க இந்தத் தரையை வைத்துக்கொள்கிறது. சாலையோ கோடோ பெயர்ப்பலகையோ இல்லாத அந்த வெண்மையில் தொடங்கி, ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரம் வரை ஏறி, சிவப்பு ஏரியையும் பச்சை ஏரியையும் கடந்து இன்னொரு நாட்டில் இறங்கும் பயணம்தான் இன்றைய வீடியோ. இதை எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பலர் அதை மாற்றிச் செய்கிறார்கள். அந்தப் பகுதி வரை கட்டாயம் பாருங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடம், பொலிவியாவின் தென்மேற்கு மூலை. ஆண்டிஸ் மலைத்தொடரின் இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள அல்டிபிளானோ மேட்டுநிலம். புறப்படும் ஊர் உயுனி. முடியும் ஊர் சிலி நாட்டின் சான் பெட்ரோ டி அட்டகாமா. வண்டி, பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் குரூசர். பயணிகள் ஆறு பேர், ஓட்டுநர் ஒருவர். மூட்டைகளும் எரிபொருள் கேன்களும் கூரைமேல். உயுனிக்கு வெளியே பழைய நீராவி எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடக்கும் ரயில் கல்லறையில் எல்லா வண்டிகளும் நிற்கும். படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

[காட்சி: வண்டியின் முன்கண்ணாடி வழியே வெள்ளைத் தரை]

இதோ, சலார் டி உயுனி. கடல்மட்டத்திலிருந்து 3,656 மீட்டர் உயரத்தில் இருக்கும் உலகின் மிகப்பெரிய உப்புவெளி. முற்காலத்தில் இங்கே பெரிய ஏரிகள் இருந்தன. அவை வற்றியபின் எஞ்சியது இந்த உப்பு. இது எல்லாக் காணொளியிலும் வரும். எனக்குப் பிடித்த கேள்வி வேறு: இது ஏன் இன்னும் சமமாகவே இருக்கிறது? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்று அடிக்கிறது, வண்டிகள் ஓடுகின்றன. கரடுமுரடாகியிருக்க வேண்டாமா?

விடை மழையில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே மெல்லிய நீர்ப்படலம் தேங்கும். அந்த நீர் மேடான இடத்து உப்பைக் கரைக்கிறது. பள்ளத்தில் கடைசி வரை நின்று, வற்றும்போது கரைத்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. மேடு குறைகிறது, பள்ளம் நிரம்புகிறது. ஆண்டுதோறும் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் தரை! போன பருவத்து டயர்த் தடங்கள்கூட மழை தேங்கிய இடங்களில் அழிந்துவிடும்.

சரி, செயற்கைக்கோளுக்கு இது ஏன்? கடலும் சமம்தானே என்று கேட்பீர்கள். கடலில் அலை உண்டு, ஓதம் உண்டு. இங்கே எதுவும் அசைவதில்லை. தரை பளிச்சென்ற வெள்ளை என்பதால் மேலிருந்து அனுப்பும் லேசர் ஒளி வலுவாகத் திரும்பி வருகிறது. காற்று வறண்டது, தூசி குறைவு. அதனால் விஞ்ஞானிகள் 2002இல் ஜிபிஎஸ் கருவிகளோடு இந்த வெளியின் ஒரு பகுதியை ஓட்டி ஓட்டி அளந்தார்கள். அடுத்த ஆண்டு ஏவப்பட்ட நாசாவின் ஐஸ்சாட், துருவப் பனியின் உயரத்தை அளக்கப் போன செயற்கைக்கோள். அது காட்டும் உயரம் சரியா என்று பார்க்க அந்த உப்புத்தரை அளவே உதவியது. துருவத்துப் பனி எவ்வளவு உருகியது என்ற கணக்கின் பின்னால், பொலிவியாவின் உப்பில் ஓடிய வண்டித் தடம் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை.

இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கானல் எழாத விடியற்காலையில், முன்னே போகும் வண்டியை நின்று கவனியுங்கள். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் நான்கரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும். அதைத் தாண்டியதும் முதலில் டயர் மறையும், பிறகு கதவு, கடைசியில் கூரை. கப்பல் கடலில் மறைவது அப்படியே தரையில் நடக்கும். பூமி உருண்டை என்பதை வறண்ட நிலத்தில் நின்று கண்ணால் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கீழே குனிந்தால் தேன்கூடு போன்ற கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் அகலம். மேலோட்டுக்கு அடியில் உப்புநீர் சுழல்கிறது: அடர்ந்தது கீழே இறங்க, இலேசானது மேலே வருகிறது. கனமான நீர் இறங்கும் கோடுகளில் உப்பு அதிகம் படிந்து வரப்பாகிறது என்று 2023இல் வெளிவந்த இயற்பியல் ஆய்வு ஒன்று இத்தகைய கட்டங்களை விளக்கியது. இதே உப்புநீரில்தான் லித்தியமும் இருக்கிறது. அது தனி வீடியோவுக்கான விஷயம்.

நடுவெளியில் வண்டி சிக்குவது அரிது. ஆபத்து கரையில்தான். அங்கே உப்பு மெல்லியது, கீழே சேறு. அதனால்தான் ஓட்டுநர்கள் கொல்சானி போன்ற பழகிய இடங்களில் மட்டும் உள்ளே இறங்குகிறார்கள். இன்காவாசி என்ற பாறைத்தீவில் பல மீட்டர் உயரக் கள்ளிகளைப் பார்த்துவிட்டு, முதல் இரவை உப்புவெளியின் ஓரத்தில் கழிப்பது வழக்கம்.

இரண்டாம் நாள் ஏற்றம். சிலோலி பாலைவனத்தில் மரம்போல் நிற்கும் பாறையைக் காணலாம். காற்று கிளப்பும் மணல் தரையை ஒட்டியே துள்ளிப் போவதால் பாறையின் அடிப்பகுதி மட்டும் அரிக்கப்பட்டுத் தண்டாகிவிட்டது. அதன்பின் எதுவார்தோ அவரோவா தேசியக் காப்பகத்தில் லகுனா கொலொராடா, 4,278 மீட்டரில் ஒரு சிவப்பு ஏரி. பாசிகளும் வண்டலும் தரும் நிறம். நடுவே வெண்காரப் படிவுகள் தீவுகளாக மிதப்பதுபோல் தெரியும். இங்கே வாழும் மூன்று வகைப் பூநாரைகளில் ஒன்றான ஜேம்ஸ் பூநாரை அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1950களில்தான் அது உயிரோடிருப்பது மீண்டும் தெரியவந்தது. தயவுசெய்து ட்ரோன் பறக்கவிடாதீர்கள், அருகே ஓடாதீர்கள். இந்த உயரத்தில் கலைந்து பறப்பது அவற்றின் சக்தியைப் பெரிதும் தின்றுவிடும்.

மூன்றாம் நாள் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். சோல் டி மன்யானா நீராவி வயலில் குளிர்ந்த விடியலில்தான் ஆவி நன்றாகத் தெரியும். ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் 84 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் அறுபது விழுக்காடுதான். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும், உங்கள் உடம்பும் அப்படித்தான். குழிகளைச் சுற்றிய மேலோடு மெல்லியது என்பதால் ஓட்டுநர் நடக்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள்.

இப்போது நான் சொன்ன கருத்து. உயுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சான் பெட்ரோ சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் பெரும்பாலும் முதல் இரவே 4,300 மீட்டர் அளவில். மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. உயுனியில் ஓரிரு நாள் தங்கிப் புறப்பட்டால் அந்த ஏற்றம், வரம்பைச் சற்றே தாண்டினாலும், 600 மீட்டர் அளவில் நின்றுவிடும். உப்புவெளி கடைசியில் வந்தால்தான் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அழகுக்காக, தலைவலியும் குமட்டலுமாகச் சிவப்பு ஏரியைக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்குங்கள். பயணத்தை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த விடாதீர்கள்.

கடைசி நிறுத்தம், லிக்கன்காபுர் எரிமலையடியில் ஆர்சனிக் கலந்த பச்சை ஏரி, லகுனா வெர்தே. அங்கிருந்து இடோ கஹோன் எல்லை அருகில்தான். பிறகு ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டாயிரம் மீட்டர் இறக்கம். உயரத்துக்காக மென்ற கோகா இலையில் மிச்சம் இருந்தால், பழங்களோடு சேர்த்து எல்லைக்கு முன்பே ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். சிலிக்குள் இரண்டுக்கும் அனுமதியில்லை.

நீங்கள் எந்தப் பக்கமிருந்து கிளம்புவீர்கள்? காரணத்தோடு எழுதுங்கள், குறிப்பாக என்னோடு உடன்படாதவர்கள்.