ஒட்டாத இலைக்கு ஓட்டுக் கேட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘சிறு காயத்துக்குக் கட்டுப்போட ஏற்றது மருந்துக்கடைத் துணியா, செடிகொடியா?’ இதுதான் தலைப்பு. செடிகொடியே என்று பேச வந்திருக்கிறேன். அதிலும் வாழையிலைக்காக.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கி வைத்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும், டெட்டனஸ் வரும் என்று பயமுறுத்தினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். வரப்பில் பறித்ததை அப்படியே அப்புவதற்கு எங்கள் அணியில் யாரும் வக்காலத்து வாங்கவில்லை. காயத்தைக் கழுவத்தான் வேண்டும். ஊசி தேவைப்பட்டால் போட்டே ஆகவேண்டும். கழுவிய காயத்தை எதைக்கொண்டு மூடுவது என்பதுதான் வழக்கு.

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைக்குக் காஸ் துணியை வைத்துக் கட்டுகிறீர்கள். கசிகிற நீர் இழைக்குள் ஊறிக் காய்ந்து, துணியும் புண்ணும் ஒன்றாகிவிடுகிறது. மறுநாள் பிரிக்கும்போது பிள்ளை தெருவே கேட்க அலறுகிறது. செல்லம் என்று அதட்டாதீர்கள். புதிதாக மூடிவந்த தோல் துணியோடு பிய்ந்து வருகிறது, ஐயா!

வாழையிலையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடும். மேலே இருக்கிற மெழுகு செய்கிற வேலை அது. அந்த வழவழப்பால் இலை காயத்தில் ஒட்டாது, ஈரத்தையும் காயவிடாது. ஈரமாக மூடிவைத்த காயம் சீக்கிரம் ஆறும் என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றித் தோலில் காட்டிவிட்டார். நாம்தான் இன்னும் ‘காற்றாட விடு, காயட்டும்’ என்கிறோம்.

இது பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்துவது நம் ஊர்ப் பழக்கம். அதே இலையை மும்பை சயான் மருத்துவமனையில் மாதுரி கோரேயும் உடன் இருந்த மருத்துவர்களும் துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி, தீக்காயத்திலும், வேறு இடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்திலும் வைத்துப் பார்த்தார்கள். 2003-ல் முடிவுகள் வெளிவந்தன. வாஸலின் தடவிய துணியைவிட இலைக்கட்டில் வலி குறைவு. மும்பையில் ஏற்கெனவே வழக்கில் இருந்த உருளைக்கிழங்குத் தோல் கட்டுக்கு அது இணையாக நின்றது. செலவோ அந்தத் தோல் கட்டுக்கு ஆவதில் பதினொன்றில் ஒரு பங்கு. தீக்காயத்தையே தாங்கிய இலை முழங்கால் சிராய்ப்பைத் தாங்காதா?

ஒட்டாத கட்டு கடையிலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, விலையைப் பாருங்கள். அதில் ஆல்ஜினேட் கட்டு பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஆக, நீங்களும் எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறீர்கள்!

நடுவர் அவர்களே, ஆட்டோகிளேவ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் நம்மிடம் உண்டு. வாழைக்கும் பஞ்சமில்லை. அங்கே கட்டுப்போட வருகிற கூலிக்காரரின் பிள்ளைக்கு அலறாமல் பிரிகிற கட்டு கிடைக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.