லீவர் துடிக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். கொல்லிமலை அடிவாரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன் நான். மலையிலிருந்து வருகிற வண்டிகள் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் என் வாசலுக்கு வரும். அதனால் பிரேக் பழுதுகள்தான் எனக்கு அன்றாடம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு தம்பி சோளக்காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்து என் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். "அண்ணே, முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் விரலுக்குள் துடிக்கிறது. டவுனில் காட்டினேன். டிஸ்க் கோணிவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்கிறார்கள். மிளகு விற்ற பணம் முழுவதும் அதற்கே போய்விடும் போலிருக்கிறது" என்றார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு. அதை அங்கே யாரும் கழற்றவில்லை, அளக்கவும் இல்லை. லீவரை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு விலையைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். லீவர் துடித்தால் டிஸ்க் கோணல் என்று முடிவு கட்டுவது, காய்ச்சல் என்றாலே டைபாய்டு என்று மருந்து எழுதுவது போன்றது.

லீவர் ஏன் துடிக்கிறது என்று பார்ப்போம். டிஸ்க்கை இரு பக்கமும் பேட் என்னும் உரசு கட்டைகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிஸ்க் பிரேக் வண்டிகளில் முன் காலிப்பருக்கு ஒரு பக்கம்தான், பேடை அழுத்தும் பிஸ்டன் உண்டு. காலிப்பர் 'பின்' எனப்படும் இரண்டு சிறு தண்டுகள்மேல் வலமும் இடமுமாக நகரும். டிஸ்க் சற்றுக் கோணலாகச் சுழன்றால், பின்கள் தாராளமாக ஓடும்வரை காலிப்பரும் அதனோடு சேர்ந்து அசைந்து கொடுத்துவிடும். கைக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டிஸ்க்கின் கனம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும். அந்தத் தள்ளல்தான் ஆயில் வழியாக விரலுக்கு வந்து துடிக்கிறது. பின்கள் காய்ந்து இறுகிக்கிடந்தாலும் இதே துடிப்பு வரும். அப்போது சிறு கோணல்கூடப் பெரிதாகத் தெரியும். ஆகவே டிஸ்க்கைக் குற்றம் சொல்லும் முன் பின்களைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டியில் காலிப்பர் பின் ஒன்று விரலால் அசைக்க முடியாதபடி பிடித்திருந்தது. டிஸ்க்கின் மீது, பேடின் வடிவத்திலேயே, கறுத்த தடம் ஒன்று தெரிந்தது. வளைவுகள் முழுவதும் முன் பிரேக்கை உரசிக்கொண்டே இறங்கி, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பிரேக்கை இறுகப் பிடித்தபடியே நிற்பது அவர் வழக்கம். கொதிக்கும் டிஸ்க்கின்மேல் பேட் அப்படியே அழுந்தி நின்றால் அதன் உரசுபொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். அந்த மெல்லிய படலமே துடிப்பை உண்டாக்கப் போதும்.

வீட்டில் அளந்து பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். முதலில் சக்கரத்தை இரு கையாலும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கையும், ஹேண்டில் கழுத்திலுள்ள கோன் செட்டையும் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை. பிறகு ஃபோர்க் காலில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனை டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வளைத்துவிட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எவ்வளவு அலையலாம் என்ற வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல வண்டிகளுக்கு அது 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 0.3 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று ஜெராக்ஸ் தாள்களின் கனம். கண்ணுக்கே தெளிவாக அலைந்தால் அது வரம்பைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் லேத் பட்டறையில் நுண்ணிய அலைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருக்கும்; கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கனம். டிஸ்க்கின் மீதே மிகக் குறைந்த கனம் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். 4 மில்லிமீட்டர் கனத்தில் வந்த டிஸ்க்குக்கு 3.5 என்று இருக்கலாம். இதை, கனம் அளக்கும் கவ்வு அளவுகோலான வெர்னியரால் நேரடியாக அளந்தால் ஏமாந்துபோவோம். பேட் உரசாத வெளி விளிம்பு தேயாமல் வரப்புபோல மேடாக நிற்கும். வெர்னியர் அந்த வரப்பைத்தான் பிடிக்கும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து, நாணயங்களோடு சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். ஆறேழு இடங்களில் இப்படி அளந்தால், தேய்மானம் சீராக இருக்கிறதா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். தம்பியின் டிஸ்க் எல்லா இடத்திலும் 3.8க்கு அருகில் இருந்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தார்கள்!

செய்த வேலையைச் சொல்கிறேன். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவினேன். சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உறைகள் ஊதிப்போய் பின் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அங்கே படவே கூடாது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 120 எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, வட்டம் வட்டமாக இரு முகங்களையும் தேய்த்தேன். ஓர் இடத்தையே அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். பளபளத்துப் போயிருந்த பேடுகளைத் தட்டையான கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் உரசினேன். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நுரையீரலுக்கு ஆகாத தூசி அது.

இதோடு வேலை முடியவில்லை. தேய்த்த டிஸ்க்கையும் பேடையும் மறுபடி பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முழுவதும் நிற்காமல், சீரான அழுத்தத்தில் பத்து முறை குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே மலை ஏறி இறங்கினால் அதே கறுத்த தடம் மறுபடியும் விழும். தம்பிக்கு ஆன செலவு உப்புத்தாள், கிரீஸ், என் ஒரு மணி நேரக் கூலி மட்டுமே.

உண்மையாகவே டிஸ்க் அலைகிற வண்டிகளும் வருகின்றன. அப்போதும் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) முகத்தில் துருவோ, சக்கரத்துக்கு மறுபடி பெயின்ட் அடித்த கட்டியோ இருந்தால் நல்ல டிஸ்க்கும் கோணலாகத்தான் சுழலும். அதைச் சுரண்டி எடுங்கள். பிறகும் அலைந்தால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை நகர்த்தி மாட்டிப் பாருங்கள். ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் சில நேரம் அமைந்துவிடும். டிஸ்க்கைப் புரட்டி மாட்டக் கூடாது. துளையை நகர்த்துவது மட்டும்தான். போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கம்பெனி சொன்ன முறுக்கு அளவும், போல்ட் தளராமல் இருக்கப் பூசும் பசையும் அவசியம்.

கடைசல் செய்து நிமிர்த்தலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 4 மில்லிமீட்டர் தகடு லேத் உளிக்கு வளைந்து கொடுக்கும்; துளைகளில் உளி தட்டித் தட்டி முகம் அலையடிக்கும். கிரைண்டிங்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் தொழில் கற்ற பட்டறையில் ஒரு டிஸ்க்கைக் காந்தப் படுகையில் வைத்து கிரைண்டிங் செய்தோம். காந்தம் தகட்டை இழுத்துத் தட்டையாக்கி வைத்திருந்தது. முகம் கண்ணாடிபோல வந்தது. காந்தத்தை விட்டதும் தகடு தன் பழைய கோணலுக்கே திரும்பிவிட்டது. கனமும் போனது, கோணலும் நின்றது, அந்த வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் கொடுத்தார். ஒரு வாழைத்தார் வியாபாரி அவர். அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்த கைகள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதை நான் செய்வதில்லை. உங்கள் வண்டிக்கும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

துளையிலிருந்து விரிசல் ஓடினாலோ, கனம் பொறித்த அளவுக்குக் கீழே போனாலோ அந்த டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். இங்கே சிக்கனத்துக்கு இடமில்லை. புதியது வாங்க முடியாதவர்கள் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அதே வண்டியின் அசல் டிஸ்க்கைத் தேடலாம். கண்ணாடிமேல் வைத்துத் தட்டையாக உட்காருகிறதா என்று பாருங்கள், நாணயம் வைத்து அளங்கள், நீலம் பாரித்ததை வாங்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதன் சென்சார் வளையம் பொருந்துகிறதா என்றும் கவனியுங்கள். குறைந்த கனம் பொறிக்காத, பெயர் தெரியாத புதிய டிஸ்க்கைவிட நல்ல அசல் பழையதே மேல் என்பது என் கருத்து. பேட் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரவிதி கேட்பது 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் லீவர் வெறுமனே கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைவிடச் சற்றுத்தான் கூடும்.

மலை இறங்குபவர்கள் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். அடிவாரத்தில் நின்றதும் லீவரை விட்டுவிடுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் ஓடைத் தண்ணீரை வாரி ஊற்றாதீர்கள். பஞ்சர் ஒட்டக் கழற்றிய சக்கரத்தை டிஸ்க் பக்கம் தரையில் படும்படி கிடத்த வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். பல டிஸ்க்குகள் அங்கேதான் கோணுகின்றன.

அந்தத் தம்பியின் வண்டியில் அதே டிஸ்க்தான் இன்றும் ஓடுகிறது. சென்ற தை மாதம் அளந்தபோது 3.6 இருந்தது. அதில் பொறித்திருக்கும் 3.5ஐத் தொட இன்னும் ஒரே ஒரு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் மீதி. அது தேய்ந்து முடிவதற்குள் புதியது வாங்கிவிட, மாதம் 200 ரூபாய் எடுத்து வைத்து வருகிறார்.

வணக்கம்.